0 = 0 வந்தால் என்ன, 0 = 7 வந்தால் என்ன? தீர்வில்லாத தொகுப்பையும் சார்ந்த தொகுப்பையும் அடையாளம் காண்பது

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதன் சாரம் இது. 10-ம் வகுப்பு படிக்கும் மகள் சமன்பாட்டுத் தொகுப்புகளை நீக்கல் முறையில் (பெருக்கிக் கூட்டியோ கழித்தோ மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் முறை) போடும்போது, சில கணக்குகளில் மாறிகள் எல்லாம் அடிபட்டுப் போய் "0 = 0" என்று நிற்கிறது; சிலவற்றில் "0 = 7" என்று நிற்கிறது. கேள்வியே தப்பா, போட்ட விதம் தப்பா? முழுக்கப் போடாமலே முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழி உண்டா? 12-ம் வகுப்பு மகன் இதையே "அணியின் தரம்" (அணி என்பது எண்களை நிரை நிரையாக அடுக்கிய கட்டம்) என்று வேறு மாதிரி போடுகிறானே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சோதனை. ஒரு சமன்பாட்டின் இடப்பக்கத்தை மற்றச் சமன்பாடுகளின் இடப்பக்கங்களிலிருந்து, ஏதாவது எண்களால் பெருக்கிக் கூட்டி, உண்டாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்தச் சமன்பாடு புதிதாக ஒரு செய்தியைச் சொல்கிறது. முடியும் என்றால், அதே பெருக்கலையும் அதே கூட்டலையும் வலப்பக்கத்து எண்களுக்கும் செய்யுங்கள். வலப்பக்கமும் சரியாக வந்தால் அந்தச் சமன்பாடு சொன்னதையே திரும்பச் சொல்கிறது: சார்ந்த தொகுப்பு. வேறு எண் வந்தால் முன்னே சொன்னதை மறுக்கிறது: ஒருங்கமைவற்ற தொகுப்பு, தீர்வு கிடையாது. விகிதச் சோதனை, அணிக்கோவை (அணியின் எண்களிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்), தரம் எல்லாம் இந்த ஒரு சோதனையைச் செய்யும் வெவ்வேறு வழிகள். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த விதியையும் தலைகீழாக நினைவு வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் இரண்டு மாறிகள். மாறிகளுக்குப் பொருளின் முதல் எழுத்தையே வைக்கிறேன்; எதைத் தேடுகிறோம் என்பது கண்ணிலேயே இருக்கும். ஏற்காட்டுக் கடையொன்றில் 2 கிலோ மிளகும் 3 கிலோ காபித்தூளும் சேர்த்து ரூ. 2,900 என்று பில். (விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை.) மிளகு கிலோ 'மி' ரூபாய், காபித்தூள் கிலோ 'கா' ரூபாய் என்றால்

2மி + 3கா = 2900

அதே கடையில், அதே விலையில், இன்னொருவர் 4 கிலோ மிளகும் 6 கிலோ காபித்தூளும் வாங்கியிருக்கிறார். இடப்பக்கம் 4மி + 6கா. இது முதல் பில்லின் இருமடங்கு என்று பார்த்தவுடனே தெரிகிறது. இனிப் பார்க்க வேண்டியது தொகை மட்டும்தான். தொகை ரூ. 5,800 என்றால் இந்த இரண்டாம் பில்லால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. முதல் பில்லையே இரண்டு முறை அடித்ததுபோல் ஆகிவிட்டது. மிளகு 700, காபி 500 என்று இருக்கலாம். 550, 600 என்று இருக்கலாம். 400, 700 என்றும் இருக்கலாம். எல்லாமே இரண்டு பில்லுக்கும் பொருந்தும். தொகை ரூ. 5,600 என்றால் எந்த விலையை வைத்தாலும் இரண்டு பில்லும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகாது. முதல் பில்லை 2-ஆல் பெருக்கி இரண்டாம் பில்லைக் கழித்தால் 0 = 200 என்று வரும். அந்த 200-க்கும் ஒரு பொருள் இருக்கிறது: கடைக்காரர் மொத்தமாக வாங்கியவருக்கு ரூ. 200 தள்ளுபடி கொடுத்திருக்கிறார், அதாவது "இருவருக்கும் ஒரே விலை" என்று நாம் எடுத்துக்கொண்டது உண்மையில்லை. நிஜ வாழ்க்கைக் கணக்கில் முரண் வந்தால், கூட்டல் கழித்தலைச் சரிபார்த்த பிறகு அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டியது இப்படிப்பட்ட எடுகோளைத்தான்.

இரண்டாமவர் 3 கிலோ மிளகும் 2 கிலோ காபித்தூளும் ரூ. 3,100-க்கு வாங்கியிருந்தால் கதை வேறு. 2, 3 என்பதை எந்த எண்ணால் பெருக்கினாலும் 3, 2 ஆகாது. அப்படியென்றால் வலப்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரே ஒரு தீர்வு நிச்சயம் உண்டு (இங்கே 700, 500). இதை மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: ஒரே தீர்வா இல்லையா என்பதை இடப்பக்கம் மட்டுமே முடிவு செய்கிறது. வலப்பக்கத்துக்கு வேலை வருவது இடப்பக்கங்கள் விகிதசமமாக இருக்கும்போது மட்டும்தான்.

பாடப்புத்தகத்து விகிதச் சோதனை இதையே சொல்கிறது. மாறியைப் பெருக்கி நிற்கும் எண் கெழு, மாறி இல்லாமல் தனியே நிற்கும் எண் மாறிலி; வரைபடத்தில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு. முதல் மாறியின் கெழுக்களின் விகிதமும் இரண்டாம் மாறியின் கெழுக்களின் விகிதமும் வேறு வேறு என்றால் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும். அவை சமமாகவும் மாறிலிகளின் விகிதம் வேறாகவும் இருந்தால் இணைகோடுகள், தீர்வில்லை. மூன்று விகிதங்களும் சமம் என்றால் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள். சோதனை எளிது, அதைச் செய்யும் விதத்தில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இரண்டு இடங்களைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மாறிலி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. இந்த இரண்டையும் பாருங்கள்:

3க − 2ச + 5 = 0
6க − 4ச = 10

அவசரத்தில் 3-க்கு 6, −2-க்கு −4, 5-க்கு 10, எல்லாமே பாதி, ஆகவே எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதிவிடுவார்கள். தப்பு. முதல் சமன்பாட்டில் மாறிலி இடப்பக்கம் இருக்கிறது, இரண்டாவதில் வலப்பக்கம். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் முதலாவது 3க − 2ச = −5. இருமடங்காக்கினால் 6க − 4ச = −10. இரண்டாவதோ +10 என்கிறது. இவை இணைகோடுகள், தீர்வே இல்லை. விகிதம் எடுப்பதற்கு முன்னால் இரண்டு சமன்பாட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, மாறிக்கு மாறி நேராக, மாறிலிகள் ஒரே பக்கமாகத் திருப்பி எழுத வேண்டும். தேர்வில் இதற்கு அரை நிமிடம் போகும், போகட்டும்.

இன்னொன்று, பூச்சியக் கெழு. 2ச = 6, 5ச = 15 என்ற தொகுப்பில் 'க'-வின் கெழு இரண்டிலும் 0. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது, விகிதமும் கிடையாது. இதற்காகவே வகுப்பதை விட்டுவிட்டுக் குறுக்கே பெருக்குவது நல்லது: முதல் வரியின் முதல் கெழு × இரண்டாம் வரியின் இரண்டாம் கெழு, முதல் வரியின் இரண்டாம் கெழு × இரண்டாம் வரியின் முதல் கெழு, இரண்டும் சமமா என்று பாருங்கள். இங்கே 0 × 5 = 2 × 0, சமம். அடுத்து மாறிலியை ஒப்பிடும்போது பூச்சியமில்லாத கெழுவோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்: 2 × 15 = 30, 5 × 6 = 30, சமம். ஆகவே சார்ந்தது: ச = 3, 'க' எதுவாகவும் இருக்கலாம். பூச்சியக் கெழுவோடு மாறிலியைக் குறுக்கே பெருக்கினால் எப்போதும் 0 = 0 என்றுதான் வரும்; அது எதையும் நிரூபிக்காது.

வரைபடத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாய்வு 2 உள்ள கோடும் 2.05 உள்ள கோடும் வரைபடத்தாளில் இணைகோடுபோலவே தெரியும். தாளுக்கு வெளியே எங்கோ வெட்டிக்கொள்ளும். படம் புரிந்துகொள்ளத்தான், தீர்ப்புச் சொல்ல எண்கள்தான்.

இந்த மூன்று நிலையும் சேலத்துக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு வேலையிலேயே அப்படியே வருகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியின் தரத்தை 'டச்' என்று சொல்வார்கள். 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் வெள்ளி, மீதி செம்பு போன்ற கலப்பு. 80 டச் வெள்ளியும் 60 டச் வெள்ளியும் இருக்கின்றன. இரண்டையும் உருக்கி 70 டச்சில் 1,000 கிராம் வேண்டும். உருக்குவதில் போகும் சேதாரத்தை இங்கே விட்டுவிடுவோம். மேல் தரத்தில் 'மே' கிராம், கீழ்த் தரத்தில் 'கீ' கிராம்:

மே + கீ = 1000
80மே + 60கீ = 70000

முதல் வரி எடையை எண்ணுகிறது, இரண்டாவது அதிலுள்ள வெள்ளியை எண்ணுகிறது. 1, 1 என்பது 80, 60-க்கு விகிதசமம் இல்லை; ஒரே தீர்வு, ஆளுக்கு 500 கிராம்.

இப்போது கையில் இருக்கும் இரண்டு கட்டியுமே 70 டச் என்று வையுங்கள். இரண்டாம் வரி 70மே + 70கீ = 70000 ஆகிறது. முதல் வரியின் 70 மடங்கு, வலப்பக்கமும் 70 மடங்கு. 0 = 0. எந்தக் கட்டியில் எவ்வளவு எடுத்தாலும் 70 டச்தான் வரும், மொத்தம் 1,000 கிராம் இருந்தால் போதும். அதே இரண்டு கட்டியை வைத்துக்கொண்டு 75 டச் கேட்டால் 70மே + 70கீ = 75000. இடப்பக்கம் 70 மடங்கு, வலப்பக்கம் 75 மடங்கு; 0 = 5000. எத்தனை முறை உருக்கினாலும் 70 டச்சிலிருந்து 75 வராது என்பது ஆசாரிக்குச் சமன்பாடு இல்லாமலே தெரியும். அந்தப் பற்றாக்குறை 5000-ஐ 100-ஆல் வகுத்தால் 50 கிராம்: அத்தனை கிராம் வெள்ளி அந்த ஒரு கிலோவில் குறைகிறது. ஆக, முரணில் வரும் எண் வெறும் பிழைக்குறி இல்லை, எவ்வளவு இடிக்கிறது என்பதையே அது சொல்கிறது.

இதே பட்டறைக் கணக்கில் இன்னொரு நிலையும் உண்டு, அதை ஒருங்கமைவின்மையோடு குழப்பக்கூடாது. 80, 60 டச் கட்டிகளை வைத்து 90 டச் கேட்டால்? 80மே + 60கீ = 90000. தீர்த்தால் மே = 1500, கீ = −500. சமன்பாட்டுத் தொகுப்பு ஒருங்கமைவுடையதுதான், ஒரே தீர்வும் இருக்கிறது. ஆனால் கழித்தல் 500 கிராம் வெள்ளியை உருக்க முடியாது. இங்கே "தீர்வு இல்லை" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். "தொகுப்புக்குத் தீர்வு உண்டு, ஆனால் எடை குறையெண்ணாக இருக்க முடியாததால் இந்தக் கலவை சாத்தியமில்லை" என்று எழுத வேண்டும்.

0 = 0 பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எண்ணற்ற தீர்வுகள் என்றால் "எந்த எண்ணைப் போட்டாலும் சரி" என்று பொருள் இல்லை. மிளகு 700, காபி 700 என்று வைத்தால் முதல் பில் 3,500 ஆகிவிடும், அது தீர்வல்ல. தீர்வுகள் எண்ணற்றவை, ஆனால் எல்லாம் அந்த ஒரு கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். ஆகவே "எண்ணற்ற தீர்வுகள்" என்று நிறுத்தாமல், ஒரு மாறிக்கு ஏதாவது மதிப்புக் கொடுத்து மற்றதை அதைக்கொண்டு எழுத வேண்டும்.

மற்றொன்று போலி 0 = 0. மூன்று விதமாக இது வரும். முதல் சமன்பாட்டிலிருந்து ஒரு மாறியைப் பிரித்தெடுத்து, மறந்துபோய் அதே சமன்பாட்டில் திரும்பப் பிரதியிட்டால் 0 = 0 தான் வரும்; பிரதியிட வேண்டியது மற்றச் சமன்பாட்டில். அணியில் போடும்போது முதல் நிரையை "முதல் கழித்தல் இரண்டாவது" என்றும், அதே படியில் இரண்டாம் நிரையைப் பழைய எண்களை வைத்தே "இரண்டாவது கழித்தல் முதல்" என்றும் மாற்றினால், இரண்டு நிரையும் ஒன்றுக்கொன்று குறியெதிர் ஆகிவிடும்; அடுத்த படியில் 0 = 0. நல்ல தொகுப்பு ஒன்று கைப்பிழையால் சார்ந்த தொகுப்பாக மாறிவிட்டது. ஒரு படியில் ஒரு நிரையை மாற்றும்போது எந்த நிரையைக் கொண்டு மாற்றுகிறோமோ அது அப்படியே நிற்க வேண்டும். மூன்றாவது, ஒரு நிரையையே பூச்சியத்தால் பெருக்குவது. எண்ணைப் போடும்போது யாரும் செய்ய மாட்டார்கள். தெரியாத எழுத்தால் பெருக்கும்போது அது பூச்சியமாக இருக்கலாம் என்பது மறந்துபோகும்.

மூன்று மாறிக்கு வருவோம். சிக்கல் இங்கேதான் அதிகம், அதனால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். லீ பஜாரில் ஒரே கடையில் மூன்று பேர் வாங்கியதாக வைப்போம். வெல்லம் கிலோ 'வெ', ஜவ்வரிசி கிலோ 'ஜ', துவரம்பருப்பு கிலோ 'ப'.

முதல் பில்: 2வெ + ஜ + ப = 340
இரண்டாம் பில்: வெ + 3ஜ + 2ப = 570
மூன்றாம் பில்: 5வெ + ப = 450

மூன்று சமன்பாடு, மூன்று மாறி; எந்த இரண்டும் விகிதசமம் இல்லை. மூன்றாவதில் ஜவ்வரிசியே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே விடை வரும் என்றுதான் தோன்றும். நீக்கிப் பார்ப்போம். 'வெ'-யின் கெழு 1 என்பதால் இரண்டாம் பில்லை மேலே வைப்பது வசதி.

முதல் பில்லிலிருந்து இரண்டாம் பில்லின் 2 மடங்கைக் கழித்தால்: −5ஜ − 3ப = −800
மூன்றாம் பில்லிலிருந்து இரண்டாம் பில்லின் 5 மடங்கைக் கழித்தால்: −15ஜ − 9ப = −2400

கீழ்வரி மேல்வரியின் சரியாக 3 மடங்கு. கழித்தால் 0 = 0. மூன்றாம் பில் புதிதாக எதையும் சொல்லவில்லை.

எங்கிருந்து வந்தது இந்தச் சார்பு? செய்த படிகளைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் பில்லிலிருந்து இரண்டாவதின் 5 மடங்கைக் கழித்தோம். பிறகு "முதல் பில் கழித்தல் இரண்டாவதின் 2 மடங்கு" என்பதன் 3 மடங்கைக் கழித்தோம். கூட்டினால்: மூன்றாம் பில் − 3 × முதல் பில் + இரண்டாம் பில். அதாவது மூன்றாம் பில் என்பது முதல் பில்லின் 3 மடங்கிலிருந்து இரண்டாம் பில்லைக் கழித்தது. சரிபாருங்கள்: வெல்லம் 6 − 1 = 5, ஜவ்வரிசி 3 − 3 = 0, பருப்பு 3 − 2 = 1, தொகை 1020 − 570 = 450. எல்லாம் ஒத்துவருகிறது.

மூன்றாம் பில்லின் தொகை 450-க்குப் பதில் 460 என்று இருந்திருந்தால் அதே படிகளில் கடைசியில் 0 = 10 வந்திருக்கும். அப்போது இந்தப் பெருக்கெண்கள்தான் சாட்சி. ஒரு தொகுப்புக்குத் தீர்வு உண்டு என்றால், தீர்வைப் பிரதியிட்டுக் காட்டினால் போதும், யாரும் மறுக்க முடியாது. தீர்வு இல்லை என்றால் எதைக் காட்டுவது? பெருக்கெண்களைக் காட்ட வேண்டும்: "முதல் பில்லை 3-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவதின் இடப்பக்கம் அப்படியே வருகிறது, ஆனால் தொகை 450, பில்லில் இருப்பது 460." இரண்டு வரியில் முடிந்துவிடும், மூலச் சமன்பாடுகளை வைத்தே யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நடுவில் ஒரு கழித்தல் பிழை நேர்ந்து 0 = 10 வந்திருந்தால் இந்தச் சோதனையில் அது உடனே பிடிபடும், ஏனென்றால் இடப்பக்கமே ஒத்துவராது. ஒவ்வொரு நிரைக்கும் பக்கத்தில் அது எந்தெந்த மூலச் சமன்பாட்டின் எத்தனை மடங்கு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போகும் பழக்கம் இருந்தால் கடைசியில் பெருக்கெண்களைத் தேட வேண்டியதில்லை.

460 என்ற நிலையில் இன்னொன்றைக் கவனியுங்கள். எந்த இரண்டு பில்லை மட்டும் எடுத்தாலும் சண்டை இல்லை. எந்த இரண்டுக்கும் பொதுவான விலைகள் உண்டு. மூன்றும் சேரும்போதுதான் முரண். மூன்று மாறிகளில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளம்; இங்கே மூன்று தளங்கள் ஒன்றையொன்று இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டு கூடாரம்போல நிற்கின்றன. மூன்றும் சந்திக்கும் புள்ளி இல்லை. ஆகவே இரண்டிரண்டாக விகிதம் எடுத்துப் பார்க்கும் சோதனை மூன்று மாறிகளில் போதாது. 10-ம் வகுப்பில் மூன்று மாறிக் கணக்குகளை இரண்டு மாறிக் கணக்குப்போல விகிதம் எடுத்து முடிக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

450-க்குத் திரும்புவோம். தீர்வுகளை எழுத ப = த என்று வைத்தால், ஜ = 160 − 0.6த, வெ = 90 − 0.2த. த = 150 என்றால் வெல்லம் 60, ஜவ்வரிசி 70, பருப்பு 150. த = 200 என்றால் 50, 40, 200. மூன்று பில்லிலும் போட்டுப் பாருங்கள், பொருந்தும். விலை பூச்சியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதால் ஜவ்வரிசி காரணமாக 'த' சுமார் 266-க்குள் நிற்க வேண்டும்.

தனித்தனி விலை தெரியாவிட்டாலும் சிலவற்றை நிச்சயமாகச் சொல்ல முடியும் என்பது இந்தத் தொகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒருவர் 3 கிலோ வெல்லம், 4 கிலோ ஜவ்வரிசி, 3 கிலோ பருப்பு வாங்கப்போகிறார் என்றால் தொகை ரூ. 910, சந்தேகமே இல்லை, ஏனென்றால் அது முதல் இரண்டு பில்லின் கூட்டல். இருக்கும் பில்களைப் பெருக்கிக் கூட்டி எதையெல்லாம் உண்டாக்க முடியுமோ அதெல்லாம் தீர்மானமானது, மற்றவை திறந்திருப்பவை. சில நேரம் ஒரு மாறி மட்டும் தீர்மானமாகிவிடும்: க + ச + ட = 10, 2க + ச + ட = 13 என்றால் க = 3 உறுதி, ச, ட இரண்டின் கூட்டல் 7 என்பது மட்டும் தெரியும். எண்ணற்ற தீர்வுகள் உள்ள தொகுப்பில் எல்லா மாறிகளும் அலைய வேண்டும் என்பதில்லை.

மகனின் 'தரம்' இங்கே வருகிறது. நிரைகளை ஏறுபடி வடிவத்துக்கு (கீழே போகப்போக ஒவ்வொரு நிரையும் முந்தையதைவிட அதிகப் பூச்சியங்களோடு தொடங்கும் வடிவம்) கொண்டுவந்த பிறகு, முழுக்கப் பூச்சியம் ஆகாத நிரைகளின் எண்ணிக்கைதான் தரம். அதாவது உண்மையில் புதுச்செய்தி சொல்லும் சமன்பாடுகள் எத்தனை என்பது. கெழு அணியின் தரமும், மாறிலிகளையும் சேர்த்த விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் சமமில்லை என்றால் எங்கோ 0 = 10 போன்ற நிரை இருக்கிறது: ஒருங்கமைவற்றது. இரண்டு தரமும் சமமாகவும் மாறிகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவும் இருந்தால் ஒரே தீர்வு. சமமாக இருந்து மாறிகளைவிடக் குறைவு என்றால் எண்ணற்ற தீர்வுகள். எத்தனை குறைகிறதோ அத்தனை மாறிகளுக்கு நாமே மதிப்புக் கொடுக்கலாம். ரூஷே–கபெல்லி தேற்றம் என்பது இவ்வளவுதான். மேலே பில்களில் தரம் 2, மாறிகள் 3. ஆகவே ஒரு 'த' போதுமாக இருந்தது.

அணிக்கோவைகளை வகுத்து விடை காணும் கிராமர் விதி 1750-லிருந்து இருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் கெழு அணியின் அணிக்கோவை பூச்சியம் ஆனவுடன் அதை மூடி வைத்துவிடுவது உத்தமம். அணிக்கோவை 0 என்றால் "ஒரே தீர்வு இல்லை" என்பது மட்டும்தான் தெரியும். மாறிகளுக்கான அணிக்கோவைகளில் (ஒரு மாறியின் கெழுக்களுக்குப் பதில் மாறிலிகளை வைத்துக் கிடைப்பவை) ஒன்றாவது பூச்சியமில்லை என்றால் தீர்வில்லை, இது சரி. எல்லாமே பூச்சியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள் என்று பல வழிகாட்டிகளில் பொதுவாக எழுதிவைத்திருப்பது மூன்று மாறிகளில் தப்பு. க + ச + ட = 1, க + ச + ட = 2, க + ச + ட = 3 என்ற தொகுப்பில் நான்கு அணிக்கோவைகளும் பூச்சியம். தீர்வோ, ஒரே கூட்டல் எப்படி 1, 2, 3 மூன்றுமாக இருக்கும்? அணிக்கோவை பூச்சியம் என்றால் நீக்கல் முறைக்கு மாறிவிடச் சொல்லுங்கள்.

வலப்பக்கம் எல்லாமே 0 என்றால் எல்லா மாறிக்கும் 0 போட்டால் பொருந்திவிடும். அப்படிப்பட்ட தொகுப்பு ஒருபோதும் ஒருங்கமைவற்றதாக இராது. மாறிகளைவிடச் சமன்பாடுகள் குறைவு என்றால் ஒரே தீர்வு வர வாய்ப்பில்லை.

தேர்வில் இந்தப் பகுதியிலிருந்து அதிகம் கேட்கப்படுவது, தெரியாத எழுத்துக்கு எந்த மதிப்பில் எந்த நிலை என்பது. ஒன்று:

த × க + 2ச = த − 2
8க + த × ச = த

குறுக்கே பெருக்கினால் த × த = 16, ஆக த = 4 அல்லது −4. பாதிப் பேர் இங்கே 4-ஐ மட்டும் எழுதி நிறுத்துவார்கள், மீதிப் பேர் இரண்டையும் ஒரே கூடையில் போடுவார்கள். தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 4 என்றால் 4க + 2ச = 2, 8க + 4ச = 4; இருமடங்கு, சார்ந்தது. −4 என்றால் −4க + 2ச = −6, 8க − 4ச = −4; முதலாவதை −2-ஆல் பெருக்கினால் 8க − 4ச = 12, இரண்டாவதோ −4 என்கிறது, தீர்வில்லை. மற்ற எல்லா மதிப்புக்கும் ஒரே தீர்வு.

12-ம் வகுப்பு வடிவம்:

க + ச + 2ட = 4
2க + 3ச + ட = 7
3க + 4ச + அ × ட = ஆ

நீக்கினால் இரண்டாவது ச − 3ட = −1 ஆகிறது; மூன்றாவது கடைசியில் (அ − 3) × ட = ஆ − 11 என்று நிற்கிறது. இந்த இடத்தில் கை தானாக (அ − 3)-ஆல் வகுக்கப் போகும், நிறுத்துங்கள். வகுப்பதற்கு முன் அது பூச்சியமா என்று கேட்பதுதான் கேள்வியே. அ 3 இல்லை என்றால் 'ஆ' எதுவானாலும் ஒரே தீர்வு. அ = 3, ஆ 11 இல்லை என்றால் தீர்வில்லை. அ = 3, ஆ = 11 என்றால் எண்ணற்ற தீர்வுகள். முதல் இரண்டு சமன்பாட்டையும் கூட்டினால் 3க + 4ச + 3ட = 11 வருவதைப் பார்த்தாலே அந்த 3-ம் 11-ம் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

கால்குலேட்டரும் கணினியும் பயன்படுத்தும்போது தசமத்தில் ஒரு கவனம் வேண்டும். க + 3ச = 1 என்பதும், அதை 3-ஆல் வகுத்த சமன்பாடும் ஒன்றேதான். ஆனால் மூன்றில் ஒன்றை 0.33 என்று எழுதினால் இரண்டாவது 0.33க + ச = 0.33 ஆகிறது. முதலாவதை 0.33-ஆல் பெருக்கிக் கழித்தால் 0.01ச = 0; ச = 0, க = 1 என்று ஒரே தீர்வு கிடைத்துவிடுகிறது. எண்ணற்ற தீர்வுகள் இருந்த இடத்தில், சுருக்கி எழுதியதால் முளைத்த பொய்த் தீர்வு அது. பின்னத்தைப் பின்னமாகவே கடைசிவரை வைத்திருங்கள்.

கணினியில் நிரல் எழுதும் பிள்ளைகளும் இதில் மாட்டுவார்கள். முதல் நிரை 0.1, 0.3, இரண்டாம் நிரை 1, 3, அணிக்கோவை பூச்சியம்தான். ஆனால் 0.1-ஐ இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாததால், பைத்தான் நிரல்மொழியில் 0.1 × 3 − 0.3 என்பது பூச்சியமாக வராமல் சுமார் 5.55 × 10⁻¹⁷ என்று வரும். "அணிக்கோவை பூச்சியமா" என்று நேராகச் சோதிக்கும் நிரல் இதை ஒரே தீர்வுள்ள தொகுப்பு என்று ஏற்றுக்கொண்டு அர்த்தமில்லாத எண்களைக் கொடுக்கும். பைத்தானில் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தில் தரத்தைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. அது மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிறது, அதைப் பயன்படுத்துவது மேல். கெழுக்கள் முழு எண்களாகவோ பின்னங்களாகவோ இருந்தால் பைத்தானிலேயே இருக்கும் பின்ன வகையில் போட்டால் சுருக்கப்பிழையே வராது.

அளந்து எடுத்த எண்கள் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கொலுசுப் பட்டறைக் கணக்கில் இரண்டு கட்டிகள் 70 டச், 70.5 டச் என்று வையுங்கள். 1,000 கிராம் கலவை 70.2 டச்சில் வேண்டும் என்றால் 70.5 டச் கட்டியில் 400 கிராம் எடுக்க வேண்டும், 70.3 டச் என்றால் 600 கிராம். 0.1 டச் வித்தியாசத்துக்கு 200 கிராம் நகர்கிறது. கணக்குப்படி ஒரே தீர்வுதான், ஆனால் டச் பார்ப்பதில் 0.1 முன்பின் இருந்தாலே அந்த விடையை நம்பி உருக்க முடியாது. கெழுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது தீர்வைக் கணக்கிட்டுவிட்டு, வலப்பக்கத்தைச் சற்றே மாற்றி இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். விடை பெரிதாகத் தாவினால், கலவையை உருக்கி டச் பார்த்து, வேண்டிய அளவு மேல்தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே சரியான வழி.